உங்களுக்குத் தெரியுமா? பார்க்க வந்தவரா, பார்த்துக்கொள்பவரா?

பொங்கோலில் ரயில் ஏறினால் பத்தாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா, நம் தேக்கா. அந்த வடகிழக்குப் பாதைக்கு வரைபடத்தில் ஊதா நிறம். நவம்பர் 17, உலகக் குறைமாதக் குழந்தைகள் தினம். அதற்கும் ஊதாதான் நிறம். இரண்டும் ஒன்றானது தற்செயல். ஆனால் நம் வட்டாரத்து இளம் பெற்றோர் சிலருக்குச் சில வாரங்கள் இந்த ஊதாப் பாதைதான் வாழ்க்கை. பிள்ளை தேக்கா பக்கத்து மருத்துவமனையில் இன்குபேட்டருக்குள், வீடு பொங்கோல் வீவக அடுக்கில், நடுவே தோளில் தொங்கும் குளிர்ப்பையில் தாய்ப்பால். அவர்களுக்காகவும், அவர்களுக்குத் துணை நிற்கிற தாத்தா பாட்டிகளுக்காகவும் இந்தத் துணுக்குகள்.

● எருமைக் கொட்டில் மருத்துவமனை

கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் 'கேகே' எதன் சுருக்கம்? கண்டாங் கெர்பாவ். மலாயில் எருமைக் கொட்டில் என்று பொருள். தேக்காவில் மாட்டு வியாபாரம் நடந்த காலத்துப் பெயர் அது. பக்கத்தில் பஃபலோ ரோடு இன்றும் இருக்கிறது. 1858-ல் அங்கே மருத்துவமனை எழுந்தது. 1924-ல் அது இலவச மகப்பேற்று மருத்துவமனை ஆயிற்று. 1966-ல் மட்டும் அங்கே 39,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்ததால் மருத்துவமனை கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது. நாளொன்றுக்கு நூறு பிரசவத்துக்கும் மேல்! 1997-ல் புக்கிட் தீமா சாலையில் இப்போதுள்ள கட்டடத்துக்கு இடம் மாறியது. ஹேம்ஷயர் ரோட்டில் உள்ள பழைய வளாகத்தில் இப்போது இருப்பது நிலப் போக்குவரத்து ஆணையம். பிள்ளை அழுத இடத்தில் இன்று ரயில் பாதைக்குத் திட்டம் போடுகிறார்கள்.

● எது குறைமாதம்?

37 வாரம் நிறைவதற்குள் பிறந்தால் குறைமாதம். 32 வாரத்துக்குள் என்றால் மிகக் குறைமாதம். 28 வாரத்துக்கும் முன்னால் என்றால் அதிதீவிரக் குறைமாதம். 2020-ல் உலகெங்கும் குறைமாதத்தில் பிறந்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தை. குறைமாதக் குழந்தைகள் தினத்தன்று கொடியில் ஒன்பது ஜோடிக் காலுறைகளை மாட்டி, நடுவே குட்டியாக ஓர் ஊதா ஜோடியைத் தொங்கவிடுவது இதைச் சொல்லத்தான்.

● ஏழு தங்கும், எட்டு தங்காதா?

"ஏழு மாசப் பிள்ளை பிழைச்சுக்கும், எட்டு மாசப் பிள்ளைதான் கஷ்டம்." நம் பாட்டிமார் சொல்லும் இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் சொந்தமில்லை. பண்டைய கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் மருத்துவ நூல்களில் எட்டு மாதப் பிள்ளையைப் பற்றியே தனியாக ஒரு நூல் உண்டு. அதுவும் இதையேதான் சொன்னது. உண்மை நேர் எதிர். கருப்பையில் இருக்கும் ஒவ்வொரு கூடுதல் வாரமும் பிள்ளைக்கு லாபம்தான். எட்டாம் மாதத்தில் பிரசவமான தாயிடம் இந்தப் பழமொழியைச் சொல்லாமல் இருப்பதே பெரிய உதவி.

● கோழிக்குஞ்சிலிருந்து வந்த யோசனை

இன்குபேட்டர் எங்கிருந்து வந்தது? பாரிஸில் ஓர் உயிரியல் பூங்காவிலிருந்து! அங்கே கோழி முட்டைகளை அடைகாக்கும் பெட்டியைப் பார்த்த மகப்பேற்று மருத்துவர் ஸ்டெபான் டார்னியே, குழந்தைகளுக்கும் அதேபோல ஒன்றைச் செய்யச் சொன்னார். 1880-களின் தொடக்கத்தில் அது பாரிஸ் மகப்பேற்று மருத்துவமனைக்கு வந்தது. பெட்டி வந்ததும் தாய் தள்ளிப்போனாள். அதைக் கண்டு கவலைப்பட்டவர் டார்னியேயின் மாணவர் பியர் புதான். தாய் தன் பிள்ளையைப் பார்க்க வேண்டும், தானே பாலூட்ட வேண்டும் என்று வற்புறுத்தினார். கண்ணாடி வைத்த இன்குபேட்டர்கள் அதற்கு வழிவிட்டன.

● டிக்கெட் 25 காசு

அமெரிக்காவின் கோனி தீவுப் பொழுதுபோக்குப் பூங்காவில் 1903 முதல் 1943 வரை ஒரு விசித்திரக் கண்காட்சி நடந்தது. உள்ளே இன்குபேட்டர் வரிசை. அதற்குள் உயிருள்ள குறைமாதக் குழந்தைகள். நுழைவுக் கட்டணம் 25 காசு. நடத்தியவர் மார்ட்டின் கூனி. கொடுமையாகத் தோன்றும். ஆனால் பல மருத்துவமனைகள் இத்தகைய குழந்தைகளைக் கைவிட்டிருந்த காலம் அது. அந்த டிக்கெட் காசில்தான் தாதியருக்குச் சம்பளம். பெற்றோரிடம் கூனி ஒரு காசும் வாங்கவில்லை.

● கதவு திறந்த ஆண்டு

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் குறைமாதக் குழந்தைகளின் அறைக்குள் பெற்றோர் கால் வைக்க முடியாது. கிருமி வந்துவிடும் என்ற பயம். கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் தாய்மாரை உள்ளே விட்டு, கை கழுவச் சொல்லி, பிள்ளையைத் தொடவைத்துப் பார்த்தார்கள். தொற்று கூடவில்லை. 1970-ல் வெளியான அந்த ஆய்வுக்குப் பிறகு பல மருத்துவமனைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

● பற்றாக்குறை பெற்ற பிள்ளை

கங்காரு பராமரிப்பு பெரிய ஆய்வுக்கூடம் எதிலும் பிறக்கவில்லை. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ஓர் அரசு மகப்பேற்று மருத்துவமனை. இன்குபேட்டர்கள் போதவில்லை, தொற்றால் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தார்கள். மருத்துவர் எட்கர் ரே, நிலை தேறிய குழந்தைகளைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டிவிட்டார். டயப்பர், தொப்பி தவிர உடம்பில் வேறு துணி இல்லை. தோலோடு தோல், தலை நிமிர்ந்து, தவளை போலக் கால் மடக்கி. தாயே இன்குபேட்டர் ஆனாள். நம் சேலைத் தூளியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்த கதைதான்.

● ஆள் இல்லாததால் வந்த ஞானம்

அடுத்த ஆண்டே, 1979-ல், எஸ்டோனியாவின் தாலின் நகரில் தாதியர் பற்றாக்குறை. மருத்துவர் அடிக் லெவின், தாய்மாரையே இரவும் பகலும் மருத்துவமனையில் தங்கவைத்தார். ஊசி, மருந்து தாதியருடைய வேலை, மற்றதெல்லாம் அம்மாவுடையது. பிள்ளைகள் நன்றாகத் தேறின. கனடாவின் டொராண்டோ மருத்துவர்கள் அதை நேரில் பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றினார்கள். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 26 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அதைச் சோதித்தார்கள். பெற்றோர் நாளுக்கு ஆறு மணி நேரமாவது உடனிருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 2018-ல் முடிவு வந்தது. பெற்றோர் பார்த்துக்கொண்ட குழந்தைகளுக்கு எடை வேகமாக ஏறியது. பெற்றோரின் பதற்றமும் குறைந்தது.

● டெல்லியின் வழி

சொந்தக்காரர் கூட்டத்தை வாசலில் நிறுத்துவதே இந்திய அரசு மருத்துவமனைகளின் பெரிய வேலை. டெல்லியின் ராம் மனோகர் லோகியா மருத்துவமனை அந்த வழக்கத்தைத் தலைகீழாக்கியது. அம்மா, அப்பா, பாட்டி யாராக இருந்தாலும் உட்காரவைத்துப் படம் போட்டுக் காட்டி, கை கழுவுவது முதல் பாலூட்டுவது வரை கற்றுக்கொடுத்து உள்ளே விட்டது. தொற்று கூடவில்லை, தாய்ப்பால் மட்டுமே குடித்து வீடு திரும்பிய பிள்ளைகளின் பங்கு கூடியது. 2017-ல் இந்தியச் சுகாதார அமைச்சு இதையே நாடு முழுவதற்குமான வழிகாட்டியாக வெளியிட்டது.

● முதலில் மார்பு, பிறகு பெட்டி

நிலை தேறியபின் கங்காரு என்பது பழைய விதி. தேறும்வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்டது ஓர் ஆய்வு. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா நாட்டு மருத்துவமனைகளும் சேர்ந்து நடத்தியது அது. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையில் பிறந்த 3,211 குழந்தைகள். பிறந்த உடனே மார்பில் போட்டதும் முதல் 28 நாள்களில் இறப்பு 25 விழுக்காடு குறைந்தது. பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். இந்த முறைக்காகத் தாயின் கட்டிலையும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போட வேண்டியிருந்தது. 2022 நவம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரையை மாற்றியது: பிறந்ததும் கங்காரு, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம். மருத்துவமனையில் அன்றாடப் பராமரிப்பில் குடும்பமும் சேர வேண்டும் என்பதும் அதே பரிந்துரையில் இருக்கிறது.

● இரட்டையருக்கு இரண்டு வெப்பநிலை

பிள்ளைக்குக் குளிர்ந்தால் தாயின் மார்பு சூடேறும். பிள்ளை கதகதப்பானதும் தானே தணியும். இரட்டைக் குழந்தைகளை ஒரே நேரத்தில் இரு பக்கமும் போட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2006-ல் வெளிவந்தது. இடமார்பு இடப்பக்கப் பிள்ளைக்கு ஏற்ற சூட்டிலும், வலமார்பு வலப்பக்கப் பிள்ளைக்கு ஏற்ற சூட்டிலும் தனித்தனியாக இயங்கின. 

● அப்பாவுக்கும் மார்பு உண்டு

சிசேரியன் ஆன தாய் எழுந்து நடக்க நாளாகும். அதுவரை? அப்பா இருக்கிறாரே! தந்தையின் மார்பிலும் பிள்ளையின் உடல்சூடு நன்றாகவே நிற்கிறது. சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்ள வேண்டியதுதான். "எனக்குப் பயமா இருக்கு, கை நடுங்குது" என்று முதல் நாள் சொல்லாத அப்பா அபூர்வம். பக்கத்தில் தாதி நிற்பது அதற்காகத்தான்.

● சீம்பால் சொட்டு

28 வாரத்துப் பிள்ளைக்கு உறிஞ்சி விழுங்கத் தெரியாது. மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயில்தான் பால். அதற்கும் முன்பே தாயின் சீம்பாலில் சில சொட்டு எடுத்துப் பஞ்சுக்குச்சியால் பிள்ளையின் கன்னத்து உட்புறம் தடவிவிடும் வழக்கம் பல மருத்துவமனைகளில் இருக்கிறது. அது பசிக்கு அல்ல, நோய் எதிர்ப்புக்கு. தடவுவதைத் தாயே செய்யலாம். பெட்டிக்குள் கைவிட்டுப் பிள்ளைக்குச் செய்யும் முதல் வேலை பல அம்மாக்களுக்கு இதுதான்.

● பால்சுறாவும் பம்ப்பும்

பால் சுரக்க வேண்டுமென்று தேக்கா சந்தையில் பால்சுறா தேடும் மாமியார்களைப் பார்த்திருப்பீர்கள். புட்டும் பூண்டுக் குழம்பும் உடம்புக்கு நல்லதுதான். ஆனால் பிள்ளை வாய் வைக்காத நிலையில் பாலைத் தொடர்ந்து வரவழைப்பது அடிக்கடி எடுப்பதுதான்: நாளுக்கு எட்டு முறையாவது, இரவிலும் விடாமல். பின்னிரவு மூன்று மணிக்கு மருமகளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்து, பம்ப்பைக் கழுவி வைக்கும் மாமியார் அந்த மீனைவிடப் பெரிய மருந்து.

● கடனாக ஒரு கிண்ணம்

தாய்ப்பால் குறைமாதக் குடலைக் காக்கும் கவசம். குடல் திசு அழுகும் கொடிய அழற்சி நோய் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்குக் குறைவாகவே வருகிறது. அம்மாவுக்கு இன்னும் பால் வரவில்லை என்றால்? ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. தொடங்கியவர் மருத்துவர் அர்மிடா ஃபெர்னாண்டஸ். சிங்கப்பூரின் முதல் தாய்ப்பால் வங்கி 2017 ஆகஸ்டில் கேகே மருத்துவமனையில் திறந்தது. தானமாக வந்த பாலைச் சோதித்து, சூடாக்கிக் கிருமி நீக்கி, உறையவைத்துத் தருகிறார்கள். பெயர் தெரியாத ஒரு தாய் வேறொரு தாய்க்குத் தரும் சில நாள் அவகாசம் அது.

● அம்மாவின் குரல்

24, 25 வாரத்திலேயே பிள்ளைக்குக் காது கேட்கத் தொடங்கிவிடுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் அதற்குக் கேட்பதெல்லாம் மானிட்டர் ஒலி, அலாரம், கதவுச் சத்தம். பாஸ்டனில் 40 குறைமாதக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குத் தினமும் மூன்று மணி நேரம் தாயின் குரலையும் இதயத் துடிப்பையும் பெட்டிக்குள் ஒலிக்கவிட்டார்கள். ஒரு மாதத்தில் அவர்களின் மூளையில் ஒலியைக் கேட்டறியும் பகுதி மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. 2015-ல் வெளியான செய்தி. இத்தாலியில் இன்னோர் ஆய்வு: குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கையில் தாய் பேசிக்கொண்டிருந்தால் பிள்ளையின் வலிக்குறிகள் குறைந்தன. ஆகவே வெட்கப்படாமல் பேசலாம். தாலாட்டு தெரியாவிட்டால் பொங்கோலில் மழை பெய்த கதையையாவது தமிழில் சொல்லுங்கள். பிள்ளை கேட்பது குரலைத்தான்.

● தடவாதீர்கள், பொத்துங்கள்

பிள்ளையைப் பார்த்ததும் விரலால் வருடத் தோன்றும். ஆனால் குறைமாதத் தோலுக்கு வருடல் கூசும், களைப்பாக்கும். ஒரு கையைத் தலையிலும் மறு கையை மடக்கிய காலிலும் அசையாமல் வைத்துப் பொத்திக்கொள்வதுதான் அதற்குப் பிடிக்கும். கருப்பைச் சுவர் அணைத்திருந்தது அப்படித்தானே! விரல்கள் விரிந்துகொண்டால், விக்கல், கொட்டாவி வந்தால், முகம் திருப்பினால் "போதும், கொஞ்சம் விடுங்கள்" என்று பொருள். சில நாளில் இந்த மொழி பெற்றோருக்கு அத்துப்படியாகிவிடும். இன்று பிள்ளை சரியில்லை என்று மானிட்டருக்கு முன்னால் அம்மா கண்டுபிடிப்பது இப்படித்தான்.

● வளையல் கழற்றும் வாசல்

உள்ளே போகுமுன் மோதிரம், கைக்கடிகாரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றி முழங்கை வரை கழுவ வேண்டும். கிருமி ஒளிந்துகொள்ள வளையலடி வசதியான இடம். வளைகாப்புக்கு நாள் குறித்திருந்த வீட்டில் பிள்ளை முந்திக்கொண்டால் பெரியவர்களுக்கு மனம் பொறுக்காது. வெறுங்கையாக நிற்கும் மகளைப் பார்த்துக் கண் கலங்கும். அந்த வெறுங்கைதான் பிள்ளைக்குக் காப்பு என்று அவர்களிடம் எடுத்துச் சொல்லலாம்.

● நாற்பது நாள் கணக்கு

சீனர் வீட்டில் ஒரு மாதம், மலாய்க்காரர் வீட்டில் 44 நாள், நம் வீட்டில் 30 அல்லது 40 நாள். பிள்ளை பெற்றவள் வாசல் தாண்டக்கூடாது என்பதில் சிங்கப்பூரின் மூன்று இனங்களும் ஒன்று! ஓய்வு தேவைதான். ஆனால் பிள்ளை தேக்காவிலும் தாய் பொங்கோலிலும் இருக்கையில் இந்தக் கணக்கு இருவரையும் பிரித்துவைக்கும். பத்தியச் சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொடுத்து, டாக்சி பிடித்துத் தாயை அனுப்பிவைக்கும் பாட்டிகளும் இருக்கிறார்கள். பத்தியமும் கெடவில்லை, பிள்ளையும் தனித்திருக்கவில்லை.

● தங்கினால் சீக்கிரம் திரும்பலாம்

ஸ்டாக்ஹோமில் 366 குறைமாதக் குழந்தைகளை வைத்து ஓர் ஒப்பீடு நடந்தது. ஒரு பிரிவில் பெற்றோர் இரவும் பகலும் தங்க அறை உண்டு, மற்றதில் இல்லை. 2010-ல் வெளியான முடிவு: பெற்றோர் தங்கிய பிள்ளைகள் சராசரியாக ஐந்து நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள்.

● விடுப்புக் கணக்கு

சிங்கப்பூரில் மகப்பேற்று விடுப்பு 16 வாரம். 28 வாரத்தில் பிறந்த பிள்ளை, இயல்பாகப் பிறந்திருக்க வேண்டிய தேதிவரை மருத்துவமனையில் இருந்தால் அதில் 12 வாரம் அங்கேயே கரைந்துவிடும். 2025 ஏப்ரல் 1 முதல் தந்தைக்கு நான்கு வார விடுப்பு கட்டாயம் ஆகியிருக்கிறது. இருவரும் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு அன்று ஆறு வாரமாகத் தொடங்கியது. 2026 ஏப்ரல் முதல் பத்து வாரம். குறைமாதப் பிள்ளையின் பெற்றோருக்கு ஆண்டுக்கு நான்கு வாரம் வரை சம்பளமில்லா விடுப்புத் தரும் முத்தரப்புத் தரநிலையும் 2018 முதல் உண்டு. அதை ஏற்ற நிறுவனங்களில் கேட்கலாம். பிரிட்டனில் இதற்கென்றே தனிச் சட்டம்: 2025 ஏப்ரல் 6 முதல், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பச்சிளம் பிள்ளையின் தாய்க்கும் தந்தைக்கும் 12 வாரம் வரை கூடுதல் விடுப்பு.

● 212 கிராம்

2020 ஜூனில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை 25 வாரம் நிறைவதற்குள் பிறந்தது. எடை 212 கிராம், நீளம் 24 சென்டிமீட்டர். நடுத்தர மாம்பழம்கூட அதைவிடக் கனம்! பிழைத்த குழந்தைகளில் உலகிலேயே மிகச் சிறியது என்று அப்போது அறியப்பட்டது. 13 மாதம் கழித்து, 6.3 கிலோவாக வீடு திரும்பியது. மூச்சுக்கு உதவும் கருவியோடுதான் போனது; அதை இயக்கப் பெற்றோர் முன்பே பயிற்சி எடுத்திருந்தார்கள்.

● வீட்டுக்குப் போகும் முன் பரீட்சை

பிள்ளை தேறினால் மட்டும் போதாது, பெற்றோரும் தேற வேண்டும். மருந்தை அளந்து கொடுப்பது, பால் புரைக்கேறினால் என்ன செய்வது, மூச்சு நின்றால் முதலுதவி எப்படி, எந்த அறிகுறிக்கு உடனே ஓடிவர வேண்டும் என்றெல்லாம் கற்றுக்கொண்ட பிறகே பிள்ளையைக் கையில் தருவார்கள். முதல் வாரத்திலிருந்தே டயப்பர் மாற்றி, சூடு பார்த்து, குழாயில் பால் ஏறும்வரை பிடித்து நின்றவர்களுக்கு இது வெறும் மறுபார்வை. பார்வையாளர் நேரத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்களுக்கோ அன்றுதான் பள்ளிக்கூடத்தின் முதல் நாள்.

● எத்தனை மாசம்?

குறைமாதப் பிள்ளைக்கு வயதுக் கணக்கு இரண்டு. ஒன்று பிறந்த நாளிலிருந்து. மற்றொன்று பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து. 28 வாரத்தில் பிறந்த பிள்ளை முதல் பிறந்தநாள் கேக் வெட்டும்போது, வளர்ச்சிக் கணக்கில் அதற்கு ஒன்பது மாதம்தான். இரண்டு வயதுவரை மருத்துவர்கள் அந்தத் திருத்திய வயதைக் கொண்டே தவழ்தலையும் நடத்தலையும் அளக்கிறார்கள். பொங்கோல் நீர்வழிப் பூங்காவில் மாலையில் தள்ளுவண்டியோடு வரும் ஒரு தாயிடம் "பிள்ளைக்கு எத்தனை மாசம்?" என்று கேட்டுப் பாருங்கள். சிலர் பதில் சொல்லுமுன் ஒரு நொடி தயங்குவார்கள். எதற்கு என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.